பறிக்குள் போன நண்டு

மூங்கில் சிம்பாலோ தென்னை ஈர்க்காலோ பின்னிய பறியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தே தீரும். அதற்குக் கதவு கிடையாது. வாய் அகலமாகத் திறந்திருக்கிறது. அந்த வாயிலிருந்து ஒரு கூம்பு உள்நோக்கிக் குறுகிக்கொண்டே போய், ஒரு நண்டு நுழையும் அளவு ஓட்டையில் முடிகிறது. அந்த ஓட்டையும் திறந்தேதான் கிடக்கிறது. உள்ளே போன வழி அப்படியே இருக்கும்போது நண்டு ஏன் திரும்பி வெளியே வருவதில்லை?

இன்னொரு புதிரும் உண்டு. வயல் மடையில் பறி வைப்பவர்கள் அதன் வாயைத் தண்ணீர் வரும் பக்கம் பார்த்து வைப்பார்கள். அதே நண்டுக்கு, ஓடும் வாய்க்காலில் கோழிக்குடலைக் கட்டிக் கூடு வைத்தால், வாய் தண்ணீர் போகும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். நண்டும் அதேதான், தண்ணீரும் அதேதான். திசை மட்டும் ஏன் நேர்மாறு?

பறி தேடுவோர் உள்ள ஒரு பக்கத்தைப் பார்ப்போம். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கத்துத் தேவாரம் மலையடிவாரத்து ஊர். 18-ம் கால்வாயில் தண்ணீர் விட்டுக் கண்மாய்கள் நிறைந்தால்தான் அந்தப் பக்கத்து நிலத்துக்குத் தெம்பு. கிழக்கே இறங்கி உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் போனால் காட்சி மாறிவிடும். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் அது. அரசுக் கணக்கில் 14,707 ஏக்கர். அணையில் நீர் இருக்கிற ஆண்டுகளில் ஜூன் முதல் வாரத்தில் மதகு திறப்பார்கள். கோடை முழுக்க வரப்புக்குள் ஆழமாக வளை தோண்டி ஈரத்தில் பதுங்கிக் கிடந்த வயல் நண்டுகள், வயலில் தண்ணீர் பாய்ந்ததும் வெளியே வருகின்றன. தமிழ்நாட்டு வயல்களில் பரவலாக உள்ள இனங்களில் ஒன்றுக்கு அறிவியல் பெயர் ஸ்பைராலோதெல்ஃபுசா ஹைட்ரோட்ரோமா. 1794-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். சளிக்கு நண்டு ரசம் வைக்கத் தேடுபவர்களுக்கு இது வரவு. வரப்பில் வளை விழுந்து கட்டிய தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஒழுகிப் போவதைப் பார்க்கும் விவசாயிக்கு இது தொல்லை. இருவருமே பறியைத்தான் தேடுகிறார்கள்.

இதே கதை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பெரிய தொழிலாக நடக்கிறது. அங்கே நெல் வயலில் வாழ்வது நண்டு இல்லை, கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கி இறால். கையளவு நீளம், முன்னே இரண்டு கொடுக்கு, பின்னே விசிறி வால். இந்தியாவில் இதன் சொந்த இனம் எதுவும் கிடையாது. வயலில் தண்ணீர் வடியும் காலத்தில் வளைக்குள் இறங்கி, மீண்டும் தண்ணீர் கட்டும்போது குஞ்சுகளோடு வெளியே வருவது நம் வயல் நண்டின் வாழ்க்கையைப் போலவே இருக்கும். கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழில் என்பதால் அங்கே கூட்டின் வடிவம், கம்பிக் கண்ணின் அளவு, இரை என்று ஒவ்வொன்றையும் பல்கலைக்கழகங்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றன. ஓடுடைய இந்த உயிர்களின் புலன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வேலை செய்வதால், அங்கே தெரிந்துகொண்டதில் பாதிக்கு மேல் நம் மடையிலும் செல்லும்.

முதலில் திசைப் புதிரை எடுத்துக்கொள்வோம். மடையில் வைத்த பறிக்கு இரை கிடையாது. மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற குறுகலான இடத்தை அது அடைத்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீரோடு இறங்கும் நண்டும் மீனும் அதற்குள் போயே ஆக வேண்டும். அதனால் வாய் தண்ணீர் வரும் பக்கம். புதுத்தண்ணீரில் மீன்கள் எதிரேறும் நாட்களில் அதே பறியைத் திருப்பி வைப்பதும் இதே கணக்கில்தான். உயிர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வாய். இரை போட்ட கூட்டின் கணக்கு வேறு. அங்கே நண்டைக் கொண்டு வருவது தண்ணீர் இல்லை, வாடை. வாடையைத் தண்ணீர் கீழ்நோக்கி இழுத்துப் போகிறது. அதை மோப்பம் பிடித்த நண்டு தண்ணீரை எதிர்த்து நடந்து மேலே வருகிறது. ஆகவே கூட்டின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தால் நேரே வந்து நுழையும். மேல்பக்கம் பார்த்திருந்தால் கூட்டின் முதுகில் வந்து முட்டும். இரை ஒரு சாண் தூரத்தில் இருந்தும் வாசல் தெரியாமல் கம்பியைப் பிறாண்டிக்கொண்டு நிற்கும்.

இங்கே ஒரு கேள்வியை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. வாடை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நண்டுக்கு எப்படித் தெரிகிறது? இரைக்குப் பக்கத்தில் வாடை அதிகம், தூரத்தில் குறைவு. கூடுகிற பக்கம் நடந்தால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஓடும் தண்ணீரில் அப்படி நடப்பதில்லை. ஒரு சொட்டு நீலத்தை வாய்க்காலில் விட்டுப் பாருங்கள். அது சீராகப் பரவாது. இழை இழையாகப் பிரிந்து, சுழன்று, இடையிடையே சாயமே இல்லாத தெளிந்த நீரும் கலந்து ஓடும். இரையிலிருந்து கசியும் அமினோ அமிலங்கள் முதலான பொருட்களும் இப்படித்தான் ஓடுகின்றன. இந்தக் கிழிசல் கிழிசலான ஓட்டத்தை வாடைத்தடம் எனலாம். அதற்குள் நடக்கும் நண்டு ஒரு நொடியில் பலத்த வாடையையும் மறு நொடியில் வெறும் தண்ணீரையும் உணர்கிறது. பக்கம் வந்தோமா விலகிப் போனோமா என்பதை வாடையின் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

வாளியில் கிடக்கும் நண்டின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் இதற்கான கருவி தெரியும். காம்பில் நிற்கும் இரண்டு கண்களுக்கு நடுவே, பள்ளங்களில் மடங்கிக் கிடக்கும் மெல்லிய இரண்டு கொம்புகள் இருக்கின்றன. நண்டு அசையாமல் இருக்கும்போதும் அவை மட்டும் விட்டு விட்டுச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். இவை நுகர்கொம்புகள். காரீபியக் கடல் சிங்கி இறாலின் கொம்பு ஒன்றைக் கருவியில் பொருத்தி, சாயம் கலந்த நீரோட்டத்தில் அதே வேகத்தில் சொடுக்கவைத்து, லேசர் ஒளியில் படமெடுத்து 2001-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு குழு வெளியிட்டது. கொம்பு வேகமாகக் கீழே வரும்போது மட்டும் அதன் மயிரிழைகளுக்கு நடுவே தண்ணீர் புகுகிறது. மெதுவாக மேலே திரும்பும்போது புகுந்த தண்ணீர் அங்கேயே தங்கி நிற்கிறது. அடுத்த சொடுக்கில் பழையது போய்ப் புதியது வருகிறது. நாம் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிப்பதன் வேலையை மூச்சே இல்லாமல் இந்தச் சொடுக்கு செய்துவிடுகிறது. ஒவ்வொரு சொடுக்கிலும் வாடைத்தடத்தின் ஒரு துண்டு, அதன் இழைகள் குலையாமல் கொம்பில் பதிகிறது.

வாடை ‘இருக்கிறது’ என்ற செய்தியைக் கொம்பு தருகிறது. ‘எங்கே’ என்பதற்கு நண்டு தண்ணீரின் ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறது. வாடை பட்டால் ஓட்டத்தை எதிர்த்து நட; வாடை விட்டுப் போனால் பக்கவாட்டில் தேடு. அமெரிக்காவின் நீல நண்டுகளைச் செயற்கை ஓடையில் விட்டு 1993-ல் வெளியான ஆய்வு இதை வேறொரு பக்கமிருந்து காட்டியது. மெல்லிய ஓட்டத்தில் நண்டுகள் சிப்பியைத் தேடிக் கண்டுபிடித்தன. ஓட்டத்தின் வேகமும் தரையின் சொரசொரப்பும் கூடித் தண்ணீர் கொந்தளித்தபோது தடம் குலைந்து, கண்டுபிடிப்பது குறைந்துவிட்டது. மதகு திறந்து நுரை தள்ளும் இடத்தில் இரைக்கூடு வைப்பது வீண் என்பதும், அதற்குக் கீழே ஓட்டம் அடங்கும் இடமே சரி என்பதும் இதிலிருந்து வருகிறது. ஓட்டமே இல்லாத நீரில் வாடை எல்லாப் பக்கமும் மெதுவாகக் கசியும். அதற்கேற்ப லூசியானா வயல்களில் ஓடாத நீரில் வைக்கும் கூடுகளுக்கு ஒரு வாய்க்குப் பதில் அடியில் சுற்றிலும் மூன்று வாய்கள்.

நண்டு வாசலுக்கு வந்துவிட்டது. அகன்ற வாய்க்குள் இறங்கிக் கூம்பின் சரிவில் நடந்தால் சரிவே அதை ஓட்டைக்குக் கொண்டு சேர்க்கும். அது எந்த இடத்தில் தொட்டாலும் வழி ஒன்றுதான். உள்ளே விழுந்த பிறகு நிலைமை தலைகீழ். ஓட்டை இப்போது சுவரில் இல்லை, தரையிலும் இல்லை. கூட்டின் நடுவே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இருட்டில் நண்டும் கிரேஃபிஷும் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிற பழக்கம் உடையவை. ஆஸ்திரேலியாவின் யாபி என்ற கிரேஃபிஷை வைத்து 2000-ல் வெளிவந்த சோதனையில், அவை நீண்ட உணர்கொம்புகளால் சுவரைத் தடவியபடியே புது இடத்தை அறிந்துகொள்வதைப் பார்த்தார்கள். பாறை இடுக்கிலும் வளையிலும் வாழ்கிற உயிருக்கு இது நல்ல பழக்கம். பறிக்குள் இதுவே அதைக் கெடுக்கிறது. விளிம்போடு சுற்றிச் சுற்றி வரும். கூம்பின் வேரில் வந்து முட்டும். அங்கே கூம்புக்கும் சுவருக்கும் இடையில் உள்ள முடுக்கில் புகுந்து நிற்கும். கூம்பின் முனை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைக் கண்டுபிடிப்பது கடினம். நல்ல பறியில் கூம்பு நீளமாக இருப்பதும், சிம்புகளின் நுனி கட்டப்படாமல் உள்நோக்கிக் கூர்மையாக நீட்டிக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான். போகும்போது விலகிக் கொடுக்கிற நுனிகள் திரும்பும்போது முகத்தில் குத்துகின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு முதல் கேள்வியையே திருத்த வேண்டியிருக்கிறது. நண்டு திரும்பி வராது என்று யார் சொன்னது?

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தார் கடலடியில் சிங்கி இறால் கூடுகளுக்கு மேலே கேமரா பொருத்தி, இரவும் பகலும் நடப்பதைப் பதிவு செய்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கூட்டுக்குள் நுழைந்த சிங்கி இறால்களில் கடைசியில் பிடிபட்டவை 100-க்கு 6 மட்டுமே. 94 வெளியேறிவிட்டன. வெளியேறியவற்றில் 72 விழுக்காடு நுழைந்த வாயிலிலேயே திரும்பிப் போயின. மீதி, சிறியவை தப்பிப்பதற்கென்று சட்டப்படி வைத்திருந்த திறப்பின் வழியே போயின. தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள் ‘பிடிக்கும் பெட்டி’ என்று நம்பிய ஒன்று, உண்மையில் வருவோர் போவோர் எல்லோருக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. தூக்கிய நேரத்தில் உள்ளே இருந்தது மட்டும் கைக்குக் கிடைத்தது. நம் பறியின் வாய் அந்தக் கூடுகளின் வாயை விடக் குறுகல், கூம்பும் கூர்மை. அதனால் கசிவு குறைவாக இருக்கலாம். கசிவே இல்லாத பறி என்று ஒன்று கிடையாது.

இந்தக் கசிவைப் புரிந்துகொண்டால் கூடு பற்றிய மற்ற எல்லாக் கேள்விக்கும் விடை தானே வரும். சுவரில் மேலும் கீழும் விரிசல் விட்ட சிமென்ட் தொட்டிக்குக் குழாய் நீர் திறந்து விட்டால் என்ன ஆகும்? மட்டம் ஏறும். ஏற ஏற விரிசல்களில் ஒழுகுவதும் கூடும். ஒரு மட்டத்தில் வருவதும் ஒழுகுவதும் சமமாகி, அதற்கு மேல் எத்தனை மணி நேரம் குழாயைத் திறந்து வைத்தாலும் தண்ணீர் ஏறாது. குழாயை மூடினாலோ மட்டம் இறங்கத் தொடங்கும். கூட்டுக்குள் இருக்கும் நண்டுகளின் எண்ணிக்கையும் இப்படித்தான் ஏறி, நின்று, இறங்குகிறது. சமமாகி நிற்கிற இடத்தை நிறைவுநிலை என்று சொல்லலாம். அது கூடு நிரம்பிவிட்ட நிலை இல்லை. பாதி இடம் காலியாக இருக்கும்போதே நிறைவுநிலை வந்துவிடும்.

காரணம், உள்ளே இருப்பவை வெளியே நிற்பவற்றை வரவிடுவதில்லை. கூட்டுக்குள் முன்கூட்டியே சிங்கி இறாலைப் போட்டு வைத்துப் பார்த்த சோதனைகளில், அதன் பிறகு நுழைந்த நண்டுகள் குறைந்தன. இரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியது கொடுக்கை உயர்த்திக் காட்டினால் சின்னது வாசலோடு திரும்பிவிடும். வயல் நண்டின் மூர்க்கத்தைக் கையில் வாங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி எப்போது தூக்குவது என்ற கேள்வி. இரையின் வாடை முதல் சில மணி நேரம் பலமாக இருக்கும். பிறகு சத்து கரைந்து போகும், அல்லது உள்ளே இருப்பவை தின்று தீர்த்துவிடும். அந்த நேரத்தில் வரவு நின்றுபோகிறது, கசிவு நிற்பதில்லை. ‘இன்னொரு ராத்திரி கிடக்கட்டும், நிறைய விழும்’ என்று விட்டு வைத்தால் முந்தின விடியலில் இருந்ததை விடக் குறைவாகவே கிடைக்க வாய்ப்பு அதிகம். நண்டு இரவில் நடமாடும் உயிர். அந்தியில் வைத்து விடியலில் தூக்கும் வழக்கம் இந்த இரண்டு உண்மைகளுக்கும் சரியாகப் பொருந்துகிறது. இரையைப் பொட்டலமாகத் துணியிலோ வலைத்துண்டிலோ கட்டித் தொங்கவிடுவதும் இதே காரணத்தால்தான் நல்லது: வாடை கசியும், இரை தீராது. லூசியானாவில் குளிர் மாதங்களில் வெட்டிய மீனையும், தண்ணீர் சூடேறிய பிறகு ஆலையில் செய்த உருண்டை இரையையும் போடுகிறார்கள். குளிர்ந்த நீரில் உருண்டை சரியாகக் கரையாது. சூடேறிய நீரில் மீன் சீக்கிரம் அழுகிப் போகும். நம் பக்கத்துக் கோழிக்குடலுக்கும் கருவாட்டுத் தலைக்கும் வெயில் நாளில் அதே கதிதான். அன்றன்றைக்குப் புதிதாக வைப்பதே வழி.

வாங்கும்போது கவனிக்க ஒன்று. இணையத்தில் விற்கும் மடக்குக் கூடுகளில் பல, நீளமான உடம்புள்ள கிரேஃபிஷுக்கோ இறாலுக்கோ செய்தவை. வாய் வட்டமாக இருக்கும். நண்டு அகலமான ஓட்டைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் நடப்பது. அதற்குப் படுக்கைவாட்டில் நீண்ட, தட்டையான வாய்தான் வசதி. நீல நண்டுக் கூடுகளில் வாய் முட்டை வடிவாக இருப்பது அழகுக்காக இல்லை. இடைவெளியும் முக்கியம். லூசியானாக் கூட்டுக் கம்பியின் கண் முக்கால் அங்குலம். விற்கத் தகாத சிறியவை அதன் வழியே தானாகப் போய்விடும். ஈர்க்குப் பறியிலும் இடைவெளி விட்டுப் பின்னுவது ஈர்க்கை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இருக்க முடியாது.

இடைவெளி என்றதும் நினைவுக்கு வரும் ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஓர் ஓடையில், வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட அமெரிக்கக் கிரேஃபிஷை எண்ண லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் கூட்டை நம்பவில்லை. ஓடையின் ஒரு பகுதியை அடைத்து, தண்ணீரை இறைத்து, கல்லைப் புரட்டிக் கையால் பொறுக்கினார்கள். கிடைத்தவற்றில் வழக்கமான கூட்டில் சிக்கும் அளவுக்கு வளர்ந்தவை 100-க்கு 2.3 மட்டுமே. மற்றதெல்லாம் குஞ்சும் இளசும். கூட்டில் விழுவது ஓடையில் இருப்பதன் மாதிரி இல்லை. பெரியது, பசியோடு இருப்பது, துணிந்து வருவது ஆகியவற்றைத்தான் கூடு பொறுக்கி எடுக்கிறது. ஓட்டைக் கழற்றி உடம்பு மெத்தென்று இருக்கும் நண்டு இரை தேடாது, வளையை விட்டும் வராது. வயிற்றில் முட்டை சுமப்பதும் பெரும்பாலும் அப்படியே. வரப்பைக் காப்பாற்றப் பறி வைக்கிற விவசாயி இதை அறிந்திருப்பது நல்லது. பறியில் நண்டு விழுவது குறைந்தால் வயலில் நண்டு தீர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. பெரியவை போயிருக்கின்றன, அவ்வளவே. வளையை மிதித்து அடைத்து வரப்பை மண் அணைத்துச் சரிசெய்யும் வேலையைப் பறியால் மிச்சப்படுத்த முடியாது.

பிடித்த நண்டை மல்லாத்திப் பார்க்கும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். வயிற்று மடல் ஒடுங்கி இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டையிட்டுத் தண்ணீரில் விட்டுவிடும். நன்னீர் நண்டு அப்படி இல்லை. சில நூறு பெரிய முட்டைகளை மடலுக்கடியில் சுமந்து, அவை குட்டி நண்டுகளாகவே பொரிந்த பிறகும் சில நாள் வைத்துக் காக்கிறது. மடலை நிமிர்த்தும்போது கடுகளவு நண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் திரும்ப விடுங்கள்; ஒரு குழம்புக்கு ஒரு நண்டு குறைந்தால் ருசி குறையாது. தேவாரத்துக்கு மேலே மலை ஓடைகளில் பறி வைக்கும் எண்ணமே வேண்டாம். காட்டுச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிறு வட்டாரத்துக்குள் மட்டும் வாழும் நண்டுகள் பல உண்டு. கேரளத்தில் மரப்பொந்தில் வாழும் நண்டு ஒன்றுக்கு 2017-ல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது.

லூசியானாக் கூட்டின் தலைப்பகுதி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, திறந்தே நிற்கும். படகில் போகிறவர் தூக்கிக் கவிழ்க்க வசதியாக அப்படிச் செய்தார்கள். ஏறி வருவதைத் தடுக்க வழுவழுப்பான ஒரு வளையம் மட்டும். ஆக்சிஜன் குறைந்த சூடான நீரில் உள்ளே கிடப்பவை மேலேறி மூச்சு வாங்கவும் இது உதவுகிறது. நம் வயலுக்கு இது இன்னும் அவசியம். மடையிலும் கண்மாய் ஓரத்திலும் இரையின் வாடைக்கு வருவது நண்டு மட்டும் இல்லை. தண்ணீர்ப் பாம்பு வரும், பாலாமை வரும். பாலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர், புலியோடு ஒரே பட்டியல். அதற்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். முழுக்க மூழ்கிய நைலான் கூட்டில் மாட்டினால் விடிவதற்குள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கூட்டை ஆழத்தில் அமுக்கி வைக்காமல், பின்தலை நாலு விரல் தண்ணீருக்கு மேலே தெரியும்படி குச்சியில் கட்டுங்கள். நண்டு வருவது அடித்தரையோடு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியால் பிடிபடுவது குறையாது. குச்சியில் கட்டிய கூடு வெள்ளத்தில் அடித்துப் போவதும் குறையும். தொலைந்துபோன மூங்கில் பறி மட்கிவிடும். தொலைந்துபோன நைலான் கூட்டில் மாட்டிச் செத்த நண்டே அடுத்த நண்டுக்கு இரை ஆகி, தூக்க ஆளில்லாமல் அது பிடித்துக்கொண்டே கிடக்கும்.